ஏழு வயதும் மூன்று வயதும்: எங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும்?

இருபிள்ளை_அம்மா கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு 34 வயது, கணவருக்கு 37. மகளுக்கு ஏழு, மகனுக்கு மூன்று. ஐந்து மாதத்துக்கு முன்னால் பிள்ளைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஒரு வேலையாகக் காரில் வெளியூர் போய்த் திரும்பினோம். இரவு நேரம். முன்னால் போன லாரி திடீரென்று நின்றுவிட்டது. கணவர் எப்படியோ வண்டியை ஓரத்தில் இறக்கிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பத்து நிமிடம் போல இருவரும் வாயே திறக்கவில்லை. அப்புறம் அவர்தான் கேட்டார்: “ரெண்டு பேரும் ஒரே வண்டியில இருந்தோமே, பிள்ளைங்க என்ன ஆகியிருப்பாங்க?”

அன்றிலிருந்து இதையே பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் காகிதத்தில் ஒரு வரி ஏறவில்லை.

எங்களிடம் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருவர் பெயரிலும் ஒரு வீடு, அதன் கடன் முடிய இன்னும் 16 வருடம். ஆளுக்கு ஒரு டேர்ம் இன்சூரன்ஸ். ஒரு கூட்டுக் கணக்கு. கணவர் முதல் வேலையில் சேர்ந்தபோது எடுத்த ஒரு சேமிப்பில் நாமினியாக இன்னும் அவருடைய அம்மாவின் பெயர்தான் இருக்கிறது. போன வாரம்தான் கவனித்தோம்.

நாங்கள் சிக்கிக்கொண்டது பணத்தில் இல்லை, ஆளில். என் தங்கைக்கு 29 வயது, திருமணம் ஆகவில்லை, வேறு ஊரில் வேலை. பிள்ளைகளுக்கு அவள் என்றால் உயிர். வாரம் இரண்டு முறை வீடியோவில் பேசாவிட்டால் மகன் சாப்பிட மாட்டான். ஆனால் அவள் கையில் காசு தங்காது. கணவரின் அண்ணன் குடும்பம் நிலையானது. சொந்த வீடு, பதின்ம வயதில் இரண்டு பிள்ளைகள், கணக்கு வழக்கில் கெட்டி. ஆனால் கண்டிப்பானவர். என் மகள் அவர் முன்னால் குரலையே தாழ்த்திக்கொள்வாள். கணவர் அண்ணனைச் சொல்கிறார், நான் தங்கையைச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் பேச்சு இங்கே வந்து நின்றுவிடுகிறது. எங்கள் பெற்றோருக்கு இரண்டு பக்கமும் 65-ஐத் தாண்டிவிட்டது.

எப்படியும் எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே போகப்போகிறது, அப்படியிருக்க உயில் அவசியமா? நாமினி போட்டிருந்தால் போதாதா? யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதை நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை பதில்:

நான் காப்பீட்டு இழப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். நாமினி பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

அந்தப் பழைய சேமிப்பில் பெயரை இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். உயிலில் என்ன எழுதினாலும், நாமினி பெயர் எழுதப்பட்ட பணம் பெரும்பாலும் உயிலின் வழியாக வருவதில்லை. சில நாடுகளில் அந்தப் படிவத்தில் இருக்கும் ஆளுக்கே பணம் சொந்தமாகிவிடும். சில இடங்களில் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்ப்பிக்க வேண்டிய ஆள், அவ்வளவுதான். எந்த முறையானாலும் காசோலை முதலில் போய்ச் சேருவது அந்தப் பெயருக்குத்தான். உங்கள் மாமியார் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் மகனை இழந்த துக்கத்தில் இருக்கும் ஒரு வயதானவரின் கையில் பேரப்பிள்ளைகளின் பணத்தைக் கொடுத்து, நாலு பேர் அவரைப் பற்றிப் பேச விடுவது அவருக்கும் பாரம். திருமணத்துக்கு முன்பு எழுதிய பெயர் அப்படியே இருந்து, பின்னால் இரண்டு குடும்பமும் பேச்சு நின்றுபோனதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

இதன் மறுபக்கத்திலும் ஒரு தவறு நடக்கும். “பிள்ளைகளுக்குத்தானே” என்று நேராகப் பிள்ளையின் பெயரை எழுதிவிடுவார்கள். மூன்று வயதுக் குழந்தையால் ரசீதில் கையெழுத்துப் போட முடியாது. நிறுவனமும் மைனரிடம் நேரடியாகப் பணம் தராது. குழந்தையின் சார்பில் வாங்க ஆள் குறிப்பிடப்படவில்லை என்றால், நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும்வரை அந்தப் பணம் அப்படியே கிடக்கும். வீட்டுக் கடனின் தவணை அதுவரை காத்திருக்காது. முதல் பெயராகக் கணவன் அல்லது மனைவி, அவரும் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்காக உயிலில் அமைக்கும் டிரஸ்ட், அதாவது அவர்கள் சார்பில் ஒருவர் பணத்தை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இப்படி எழுத உங்கள் நிறுவனம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். முடியாது என்றால், பிள்ளைக்காக வாங்கிக்கொள்ளும் பெரியவரின் பெயரைக் குறிப்பிட இடம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள்.

டேர்ம் இன்சூரன்ஸ் தொகையையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். மகனுக்கு மூன்று வயது. 22 வயதில் சொந்தக் காலில் நிற்பான் என்று வைத்தால் 19 வருடச் செலவு, அதோடு மிச்சக் கடன், இருவரின் மேற்படிப்பு. இதிலிருந்து ஏற்கெனவே உள்ள சேமிப்பைக் கழியுங்கள். கிடைக்கும் எண்ணும் பாலிசியில் இருக்கும் எண்ணும் பக்கத்தில்கூட வராமல் இருந்தால், உயிலுக்கு முன்னால் அதைச் சரி செய்யுங்கள்.

---

அத்தை பதில்:

உங்கள் பதிவை நேற்று இரவு படித்தேன், தூக்கம் வரவில்லை. உங்கள் தங்கை அல்லது உங்கள் கணவரின் அண்ணன் எந்த இடத்தில் நிற்கப்போகிறாரோ, அந்த இடத்தில் 12 வருடமாக நின்றுகொண்டிருப்பவள் நான். அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என் அண்ணன் விபத்தில் அன்றைக்கே போய்விட்டான். அண்ணி எட்டு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டுப் போனாள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. உயில் இல்லை. அண்ணன் சோம்பேறி இல்லை. வருமான வரியைக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கட்டுகிறவன். “இன்னும் கொஞ்சம் யோசிச்சு முடிவு பண்ணலாம்” என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள், உங்களைப் போலவே.

“எப்படியும் பிள்ளைகளுக்குத்தானே போகும்” என்கிறீர்கள். போனது, உண்மைதான். ஆனால் எட்டு நாள் இடைவெளி இருந்ததால் வாரிசு வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. முதலில் அண்ணனுடையது, அதில் அண்ணிக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் போட்டு, பிறகு அண்ணியுடையது. கூட்டுக் கணக்கில் ஒருவர் உயிரோடு இருந்தவரை பணம் எடுக்க முடிந்தது. இருவரும் போன பிறகு அதுவும் முடங்கியது. முதல் நாலு மாதப் பள்ளிக் கட்டணத்தை என் நகையை வைத்துத்தான் கட்டினேன். அண்ணன் கணக்கில் பணம் இருந்தது. தொட முடியவில்லை.

ஆனால் அதையெல்லாம் விடுங்கள். ஓடினால் முடிகிற வேலைதான்.

பிள்ளைகள் யாரிடம் என்பதுதான் 14 மாதம் இழுத்தது. அண்ணியின் அப்பா அம்மா கேட்டார்கள், நானும் கேட்டேன். இதில் கெட்டவர்கள் யாரும் இல்லை. ஒரே மகளைப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். பேரப்பிள்ளைகளும் தங்களை விட்டுப் போய்விட்டால் தாங்கமாட்டோம் என்று பயந்தார்கள். எனக்கோ, அவர்களுக்கு 71 வயதும் 67 வயதும் ஆகிறதே, பையன் பத்தாவது முடிப்பதற்குள் என்ன ஆகுமோ என்ற பயம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். அண்ணன் திருமணத்தில் என் தலையில் பூ வைத்துவிட்ட அம்மா அவர்.

வார நாட்களில் ஒரு வீடு, சனி ஞாயிறு ஒரு வீடு என்று இடைக்கால ஏற்பாடு. பையன் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். நாலு வயதில் விட்ட பழக்கம் அது. பெண்ணிடம் நீதிமன்றத்தின் சார்பில் ஒரு அம்மா தனியாக உட்கார்ந்து பேசினார், யாரோடு இருக்க விருப்பம் என்று. திரும்பி வரும்போது அவளாகவே சொன்னாள்: “நான் ரெண்டு பேர் பேரும் சொல்லிட்டேன் அத்தை. ஒருத்தர் பேரைச் சொன்னா இன்னொருத்தர் அழுவாங்கள்ல.” ஒன்பது வயது.

உங்கள் மகள் வாயிலிருந்து அந்தப் பதில் வராமல் இருக்கத்தான் நீங்கள் எழுத வேண்டும். யாரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது அதற்கு அடுத்ததுதான்.

கடைசியில் எங்களுக்கு உதவியது ஒரு பழைய மின்னஞ்சல். பையன் பிறந்த புதிதில் அண்ணி எனக்கு எழுதியது. “எங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் இவங்களைப் பாத்துக்கணும், எங்க அம்மாவால முடியாது, ஆனா மாசம் ஒரு தடவையாவது அவங்ககிட்ட கூட்டிட்டுப் போ.” சட்டப்படி அது உயில் இல்லை. இருந்தாலும் நீதிபதி அதைப் படித்தார், கணக்கில் எடுத்துக்கொண்டார். அதைவிட முக்கியமாக அந்தத் தாத்தா படித்தார். தன் மகளின் எழுத்து நடை அவருக்குத் தெரியும். அன்றோடு வழக்கு முடிந்தது என்றே சொல்லலாம். அந்த இரண்டு வரி 14 மாதம் முன்னால் ஒரு முறையான காகிதத்தில் இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் நினைப்பேன். அவள் சொன்னபடி மாதம் ஒரு முறை கூட்டிப் போனேன். தாத்தா போகிறவரை ஒரு மாதம்கூட விட்டதில்லை.

தங்கையா, மைத்துனரா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு வேலையை ஒரே ஆளுக்குக் கொடுக்கப் பார்க்கிறீர்கள், அதனால்தான் முடியவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிற ஆளும், பணத்தை வைத்திருக்கிற ஆளும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. காசு தங்காத சித்தியிடம் பிள்ளைகள் வளரலாம். கணக்கில் கெட்டியான பெரியப்பா பணத்தைப் பார்த்துக்கொள்ளலாம். என் விஷயத்தில் இரண்டும் நானே. ஒரு கட்டில் வாங்கினால்கூட ரசீதை ஒட்டிவைத்து வருடா வருடம் நீதிமன்றத்துக்குக் கணக்குக் கொடுத்தேன். சொந்தக்காரர்கள் என் புதுப் புடவையைப் பார்க்கும் பார்வையே வேறாக இருந்தது. அந்தக் கணக்கு வேறொருவர் கையில் இருந்திருந்தால் நான் இன்னும் நிம்மதியான அத்தையாக இருந்திருப்பேன்.

ஆனால் ஒன்று. பணம் வைத்திருப்பவரிடம் வளர்ப்பவர் கையேந்தி நிற்கக் கூடாது. பிள்ளைகளுக்காக ஒரு அறை கூடுதலாக உள்ள வீட்டுக்கு மாறுவது, வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்வது, இதற்கெல்லாமும் இந்தப் பணத்திலிருந்து தரலாம் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மாதம் ஒரு தொகை கேட்காமலே வர வேண்டும்.

பணம் எந்த வயதில் கைக்கு வரும் என்பதையும் எழுதுங்கள். எதுவும் எழுதாததால் பெண்ணுக்கு 18 முடிந்த மாதமே அவள் பங்கு முழுவதும் மொத்தமாக வந்தது. “இதை நான் என்ன பண்றது அத்தை?” என்று கேட்டாள். நான் வங்கியில் போடச் சொன்னேன். இன்னொரு உறவினர் தன் தொழிலில் போடச் சொன்னார். சட்டப்படி அவள் மேஜர், அவள் இஷ்டம். பாதிப் பணம் போயிற்று. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 18 வயதில் அத்தனை பெரிய முடிவை யார் தலையில் வைத்தாலும் இதுதான் நடக்கும்.

உயிலோடு தனியாக ஒரு கடிதமும் எழுதி வையுங்கள். சட்டம் எதுவும் வேண்டாம், உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும். பெண்ணுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் தடித்து, மருத்துவமனைக்கு ஓடித்தான் தெரிந்துகொண்டேன். பையன் காது மடலைத் தடவிக் கொடுத்தால்தான் தூங்குவான். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. பதினொரு ராத்திரி அழுதிருக்கிறான். அக்காதான் சொன்னாள், “அம்மா இப்படித் தடவுவாங்க” என்று. அதுவரை யாரும் அவளைக் கேட்கவில்லை.

---

பத்திர_எழுத்து பதில்:

அத்தை அம்மா எழுதியதற்கு மேல் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நான் உயில் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், காகிதப் பக்கத்தை மட்டும் சேர்க்கிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் இடத்தில் ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரே உயிலில் இருவரும் கையெழுத்துப் போடாதீர்கள். ஆளுக்கொரு உயில், ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி. ஒருவர் போன பிறகு மற்றவர் மாற்றி எழுத நினைத்தால் கூட்டு உயில் சிக்கலாகும்.

சாட்சிகள் இருவர், நீங்கள் கையெழுத்திடுவதை நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது பல நாடுகளில் உள்ள விதி. உயிலால் பயன் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டின் உயில் சட்டப்படி, சாட்சிக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ எழுதிய கொடை செல்லாது. உயில் நிற்கும், அந்தப் பங்கு மட்டும் போய்விடும். பிரான்ஸில் சாட்சியே இல்லாமல் கைப்பட எழுதிய உயில் செல்லும், ஆனால் முழுவதும் கையால் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டிருக்க வேண்டும். அதே பிரான்ஸில் பிள்ளைகளின் பங்கை நீங்கள் நினைத்தாலும் முழுதாகப் பறிக்க முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இருவர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வேறு நாட்டில் எழுதிய ஒரு மாதிரியை இணையத்திலிருந்து எடுத்து நிரப்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அத்தை அம்மாவின் வீட்டில் நடந்த அந்த எட்டு நாள் விஷயத்துக்கு உயிலில் ஒரு வரி உண்டு. “என் துணை எனக்குப் பின் 30 நாளாவது உயிரோடு இருந்தால் மட்டுமே அவருக்கு” என்று எழுதுவோம். அதற்குள் இருவரும் போனால், சொத்து ஒரே தடவையில் பிள்ளைகளிடம் போகும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத்தில், உயிலில் எதுவும் சொல்லாவிட்டால் இந்தக் கெடு 120 மணி நேரம், அதாவது ஐந்து நாள்தான். எட்டு நாளுக்கு அது போதாது பாருங்கள்.

பிள்ளைகளின் பாதுகாவலர் பற்றி ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பெயர் எழுதினாலும் பல இடங்களில் கடைசி வார்த்தை நீதிமன்றத்துடையது. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் மூன்றாவது பிரிவு, குழந்தையின் நலனே முதன்மையாகக் கருதப்பட வேண்டும் என்கிறது. அதனால் பெயரோடு காரணத்தையும் எழுதுங்கள். “தங்கையைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அறிவார்கள், வாரம் இரண்டு முறை பேசுகிறார்கள், இருவரும் பிரியாமல் வளர வேண்டும் என்பது எங்கள் விருப்பம்” என்று மூன்று வரி இருந்தால் நீதிபதிக்குப் பிடிமானம் கிடைக்கும். இருவர் உயிலிலும் ஒரே பெயர் இருக்கட்டும். கணவர் உயிலில் அண்ணன், உங்கள் உயிலில் தங்கை என்று இருந்தால் எழுதாமல் விட்டதைவிட மோசம். தம்பதியைக் குறிப்பிடும்போது “அண்ணனும் அண்ணியும்” என்று எழுதாமல் ஒருவர் பெயரை மட்டும் எழுதுங்கள், நாளைக்கு அவர்கள் பிரிந்தால் குழப்பம் வராது. மாற்று ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

பணத்துக்கு, உயிலுக்குள்ளேயே ஒரு டிரஸ்ட் அமைக்கலாம். இப்போதே பதிவு செய்து நடத்த வேண்டியதில்லை, நீங்கள் இருவரும் இல்லாதபோதுதான் அது உயிர் பெறும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் எப்போது வேண்டுமானாலும் செலவிடலாம், மிச்சத்தை 21-இல் ஒரு பகுதி, 25-இல் ஒரு பகுதி, 30-இல் மீதி என்று பிரிக்கலாம். எத்தனை வயதுவரை தள்ளிவைக்கச் சட்டம் விடுகிறது என்று உங்கள் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

இறப்பை மட்டும் யோசிக்காதீர்கள். ஒருவர் நினைவிழந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டால் உயிலால் ஒரு பயனும் இல்லை. உங்கள் சார்பில் வங்கியிலும் மருத்துவமனையிலும் கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம் தனி. அந்த நிலையிலும் செல்லுகிற மாதிரி எழுத வேண்டும். சாதாரண பவர் பத்திரம் பல இடங்களில் எழுதியவர் நினைவிழந்ததும் செல்லாமல் போகும்.

போன், மின்னஞ்சல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் படங்கள் எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. நெடுநாள் தொடாத கணக்கில் இருப்பதை நீங்கள் சொன்ன ஆளுக்குத் தரும் செயலற்ற கணக்குக்கான ஏற்பாடு கூகுளில் 2013 முதல் இருக்கிறது, உங்களுக்குப் பின் கணக்கைத் திறந்து பார்க்க மரபுத் தொடர்பு என்று ஒருவரை நியமிக்கும் வசதி ஆப்பிளில் 2021-இல் வந்தது. இரண்டையும் செய்ய அரை மணி நேரம் ஆகாது.

மூல உயிலை வங்கி லாக்கரில் மட்டும் வைத்துப் பூட்டாதீர்கள். லாக்கரைத் திறக்க உயில் வேண்டும், உயிலை எடுக்க லாக்கரைத் திறக்க வேண்டும் என்று நிற்பார்கள்.

---

இருபிள்ளை_அம்மா பதில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. அத்தை அக்கா, உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். பெண் சொன்ன அந்த இடத்தில் என்னால் தொடர முடியவில்லை, அவர் வாங்கி மிச்சத்தை வாசித்தார்.

நாமினி மாற்றியாயிற்று. மாமியாரிடம் கணவரே போய்ச் சொன்னார். “இத்தனை வருஷமா என் பேரா இருந்துச்சு? முதல்லயே மாத்தியிருக்க வேண்டாமா?” என்று அவர்தான் திட்டினாராம். நாங்கள் பயந்ததற்கு நேர்மாறு.

ஆள் விஷயமும் முடிந்தது. தங்கை வளர்ப்பாள், மைத்துனர் பணத்தைப் பார்த்துக்கொள்வார். அவருடைய மனைவி மாற்றுப் பாதுகாவலர். தங்கையிடம் கேட்டபோது உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். அந்த இரண்டு நாளும் எனக்கு வருத்தமாக இருந்தது, பிறகு யோசித்தால் அதுதான் எனக்குப் பிடித்தது. கேட்டவுடன் தலையாட்டியிருந்தால் அவள் நினைத்துப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். மூன்றாம் நாள் கூப்பிட்டு, “இந்த ஊருக்கே வந்துடட்டுமா, இல்ல அவங்க என்கிட்ட வரணுமா? பள்ளிக்கூடம் மாறாம இருக்கறது நல்லதில்ல?” என்று கேட்டாள்.

மைத்துனரிடம் சொல்லத்தான் பயந்தோம். அவருக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. “என்னைப் பாத்தா பிள்ளைங்க பயப்படுதுன்னு எனக்கும் தெரியும்” என்றார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அவரே வந்து மகளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். இரண்டு மணி நேரம் பின்னால் பிடித்துக்கொண்டே ஓடினார். அவள் அவரிடம் சத்தமாகப் பேசியதை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

வழக்கறிஞரிடம் அடுத்த வியாழன் கையெழுத்து. கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாலு பக்கம் ஆகிவிட்டது. ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஏழு வயது மகளிடம் இதைச் சொல்ல வேண்டுமா? பயந்துவிடுவாளோ என்று தோன்றுகிறது.

---

அத்தை பதில்:

படித்ததும் மனசு நிறைந்துவிட்டது அம்மா. உங்கள் தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். அவளிடம் என் பதிவைக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டுங்கள்.

மகளிடம் சொல்லுங்கள், ஆனால் உட்கார வைத்துப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். அவள் கேட்கும்போது சொல்லுங்கள், ஏழு வயதில் கேட்பாள். எங்காவது இருவரும் சேர்ந்து கிளம்பும் நாளில் “நீங்க வரலைன்னா?” என்று வரும். “வந்துடுவோம். ஒருவேளை வர முடியாமப் போனா சித்தி உன்கிட்ட வந்துடுவா, தம்பியும் உன்கூடத்தான் இருப்பான், இதே பள்ளிக்கூடம்தான்.” அவ்வளவு போதும். நான் வளர்த்தவளிடம் நேற்று இதைப் பற்றிக் கேட்டேன், இப்போது அவளுக்கு 21. “தம்பி என்கூடவே இருப்பான்னு யாராச்சும் அன்னைக்கே சொல்லியிருந்தா, அந்தப் பெரிய மனுஷங்க கேட்டதுக்கு நான் பயந்திருக்கவே மாட்டேன்” என்றாள்.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி போடுங்கள். வருடம் ஒரு முறை, மகனின் பிறந்த நாளுக்கு மறுநாள் என்று வைத்துக்கொண்டு எடுத்துப் படியுங்கள். வீடியோவில் சித்தியைப் பார்த்தால்தான் சாப்பிடுவான் என்று இப்போது எழுதியிருப்பீர்கள், அடுத்த வருடம் அது மாறியிருக்கும்.